சிறு எதிரொளிப்புத் தொலைநோக்கி

சிறு எதிரொளிப்புத் தொலைநோக்கி என்பது குழியாடி ஒன்றை முதன்மை ஒளியியல் உறுப்பாகக் கொண்டு விண்பொருட்களைக் காண உதவும், ஏறத்தாழ 76 மி.மீ. முதல் 150 மி.மீ. வரையிலான விட்டமுடைய தொலைநோக்கி ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை ஐசாக் நியூட்டன் வகுத்த அமைப்பைப் பின்பற்றுவதால் நியூட்டன் வகைத் தொலைநோக்கி என்றும் அழைக்கப்படுகின்றன. ஒரே விலையில் கிடைக்கும் ஒளிவிலகல் தொலைநோக்கியைவிடக் கூடுதலான விட்டத்தைத் தருவதாலும், வில்லைகளில் தோன்றும் நிறப்பிறழ்ச்சி ஆடியில் தோன்றாமையாலும், வானியலைப் பொழுதுபோக்காகத் தொடங்குவோருக்கு இவ்வகை பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

இத்தொலைநோக்கியை வாங்குவோரில் பலர் ஓரிரு இரவுகளுக்குப் பின் ஏமாற்றமடைந்து அதை வீட்டின் ஒரு மூலையில் வைத்துவிடுவதுண்டு. ஆடிகள் ஒரே ஒளியச்சில் அமையாமை, அளவு மீறிய உருப்பெருக்கம், நிலையற்ற தாங்கி, வெப்பக் காற்றோட்டம் ஆகிய நான்கும் இதற்கு முதன்மைக் காரணங்கள். நான்கையும் பயனரே சரிசெய்துகொள்ள இயலும். இக்கட்டுரையில் 114 மி.மீ. விட்டமும் 900 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட, சந்தையில் நெடுங்காலமாகக் கிடைத்துவரும் கருவி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

வரலாறு

ஆடியைக் கொண்டு தொலைநோக்கி அமைக்கும் திட்டத்தை இசுக்காட்லாந்துக் கணிதவியலாளர் ஜேம்சு கிரெகரி 1663 ஆம் ஆண்டில் வெளியிட்டார். எனினும் அத்திட்டத்திற்குத் தேவையான ஆடியைச் செய்து தரக்கூடியவர் அவருக்குக் கிடைக்கவில்லை. இயங்கக்கூடிய முதல் எதிரொளிப்புத் தொலைநோக்கியை நியூட்டன் 1668 ஆம் ஆண்டில் தம் கையாலேயே செய்தார். செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தில் தேய்த்து உருவாக்கப்பட்ட அதன் ஆடி ஏறத்தாழ 33 மி.மீ. விட்டமே உடையது. இன்று விளையாட்டுப் பொருளாக விற்கப்படும் கருவிகளின் ஆடிகூட அதைவிடப் பெரியது.

உலோக ஆடிகள் விரைவில் மங்கின. அடிக்கடி மெருகேற்ற வேண்டியிருந்தது. 1721 ஆம் ஆண்டில் ஜான் ஆட்லி என்பவர் சுமார் 15 செ.மீ. விட்டமுள்ள பரவளைவு ஆடி ஒன்றை உருவாக்கி, இவ்வகைக் கருவி வில்லைத் தொலைநோக்கிகளுக்கு இணையாகச் செயற்பட முடியும் எனக் காட்டினார். இசைக்கலைஞராக இருந்து வானியலாளரான வில்லியம் எர்செல் 1781 மார்ச் 13 அன்று யுரேனசுக் கோளைக் கண்டறிந்ததும் தாமே செய்த, ஏறத்தாழ 16 செ.மீ. விட்டமுள்ள எதிரொளிப்புத் தொலைநோக்கியைக் கொண்டுதான். இன்று தொடக்கநிலைக் கருவியாகக் கருதப்படும் அளவுக்கு இது மிக நெருங்கியது. 1850களில் கண்ணாடியின் மீது வெள்ளி பூசும் முறையும், 1930களில் அலுமினியம் பூசும் முறையும் வந்தபின் உலோக ஆடிகள் வழக்கொழிந்தன.

தமிழ்நாட்டின் காவலூரில் 1986 முதல் இயங்கிவரும் வைணு பாப்பு தொலைநோக்கியும் எதிரொளிப்பு வகையே. 2.34 மீட்டர் விட்டமுள்ள அதன் முதன்மை ஆடி செய்யும் வேலையும், மாணவர் ஒருவரின் 114 மி.மீ. ஆடி செய்யும் வேலையும் அடிப்படையில் ஒன்றே.

அமைப்பு

குழாயின் திறந்த முனை வழியாக நுழையும் ஒளி, அடிமுனையில் உள்ள குழிவான முதன்மை ஆடியில் பட்டுத் திரும்பிக் குவியத் தொடங்குகிறது. அது குவியும் முன்னர், திறந்த முனைக்கு அருகில் 45 பாகை சாய்வில் பொருத்தப்பட்ட சிறிய சமதள ஆடி அதைப் பக்கவாட்டில் திருப்புகிறது. குழாயின் பக்கத்தில் உள்ள குவியச் சீராக்கியில் செருகப்படும் கண்ணருகு வில்லை வழியாகப் பிம்பம் காணப்படுகிறது.

நடுவில் நிற்கும் துணை ஆடி பார்வையை மறைக்காதா என்ற ஐயம் பலருக்கு எழும். அது உள்வரும் ஒளியில் சிறு பங்கைத் தடுக்கிறது. ஆனால் பிம்பத்தில் கரும்புள்ளியாகத் தோன்றுவதில்லை. கரும்புள்ளி தெரிந்தால் குவியம் சரியாக அமையவில்லை என்று பொருள். அதேபோல் பிம்பம் தலைகீழாகத் தெரிவதும் குறையன்று. விண்வெளியில் மேல், கீழ் என்பன இல்லையாதலால் அதைத் திருத்துவதற்கெனக் கூடுதல் வில்லைகள் சேர்க்கப்படுவதில்லை. தொலைவிலுள்ள மரங்களையும் கட்டடங்களையும் காண விரும்புவோர்க்கு இருகண்ணோக்கியே ஏற்றது.

குழாயின் மூடியைப் பற்றியும் ஒரு சொல். பல கருவிகளில் பெரிய மூடியின் நடுவே அல்லது ஓரத்தே சிறியதொரு மூடி தனியே இருக்கும். புதியவர்கள் அந்தச் சிறு மூடியை மட்டும் கழற்றிவிட்டு, சனிக்கோள் மங்கலாகத் தெரிகிறது என்று குறைப்படுவது உண்மையிலேயே நடப்பதுண்டு. நிலவின் ஒளியைக் குறைப்பதற்காக வைக்கப்பட்ட துளை அது. மற்ற வேளைகளில் பெரிய மூடி முழுவதையும் கழற்ற வேண்டும்.

ஆடியின் வடிவம்

தொலைவிலிருந்து வரும் இணைக்கதிர்களை ஒரே புள்ளியில் குவிக்கப் பரவளைவு வடிவ ஆடி தேவை. கோளவடிவ ஆடியைச் செய்வது எளிது, விலையும் குறைவு. ஆனால் அதன் விளிம்பில் படும் கதிர்களும் நடுவில் படும் கதிர்களும் வெவ்வேறு இடங்களில் குவிகின்றன. இக்குறைபாடு கோளப்பிறழ்ச்சி எனப்படும்.

குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது குவிய விகிதம் ஆகும். 114 மி.மீ. விட்டத்திற்கு 900 மி.மீ. குவியத் தூரம் எனில் இவ்விகிதம் ஏறத்தாழ 8. இந்த அளவில் கோளத்திற்கும் பரவளைவிற்கும் இடையிலான வேறுபாடு ஒளியின் அலைநீளத்தில் கால்பங்குக்கும் குறைவாகவே இருப்பதால், நன்கு தேய்க்கப்பட்ட கோள ஆடியே போதும். அதே விட்டத்தில் 500 மி.மீ. குவியத் தூரம் கொண்ட கருவியில் கோள ஆடி இருந்தால் கோள்கள் ஒருபோதும் கூர்மையாகத் தெரியா. வாங்கும்முன் கேட்டறிய வேண்டிய முதல் செய்தி இதுவே.

இன்னொரு வகையிலும் கவனம் தேவை. குழாயின் நீளம் அரை மீட்டர் அளவே இருக்க, குவியத் தூரம் 1000 மி.மீ. என்று குறிக்கப்பட்டிருந்தால், குவியச் சீராக்கியினுள் நிலையான வில்லை ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது எனக் கொள்ளலாம். கொள்கையளவில் இவ்வமைப்பில் தவறில்லை. ஆனால் மலிவான கருவிகளில் அவ்வில்லையின் தரம் குறைவாக இருப்பதுடன், ஆடிகளைச் சீரமைக்கும் பணியையும் அது கடினமாக்குகிறது. தொடக்க நிலையில் தவிர்ப்பது நலம்.

உருப்பெருக்கம்

முதன்மை ஆடியின் குவியத் தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத் தூரத்தால் வகுக்கக் கிடைப்பதே உருப்பெருக்கம் ஆகும். 900 மி.மீ. கருவியில் 25 மி.மீ. வில்லை 36 மடங்கும், 10 மி.மீ. வில்லை 90 மடங்கும் தரும். இரு மடங்கு பார்லோ வில்லையைச் சேர்த்தால் இவை முறையே 72, 180 ஆகின்றன.

எனினும் ஒரு கருவி காட்டக்கூடிய நுணுக்கத்தை அதன் விட்டமே தீர்மானிக்கிறது. 114 மி.மீ. ஆடி பிரித்துக் காட்டவல்ல மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ 1 பாகைத்துளி, அதாவது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு. இதற்கு மேல் எவ்வளவு பெருக்கினாலும் புதிய விவரம் எதுவும் வெளிப்படாது. மங்கலான பிம்பம் பெரிதாகி மேலும் மங்கும். விட்டத்தை மி.மீ. அளவில் கொண்டு இரண்டால் பெருக்கினால் கிடைப்பது பயன்தரும் உருப்பெருக்கத்தின் உச்ச வரம்பு என்பது நடைமுறை விதி. 114 மி.மீ. கருவிக்கு அது 228. பெரும்பாலான இரவுகளில் வளிமண்டலம் 150 மடங்குக்கு மேல் இடம் தருவதில்லை.

பெட்டியின் மீது 525 மடங்கு என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட 76 மி.மீ. தொலைநோக்கிகள் கடைகளில் நெடுங்காலம் விற்கப்பட்டன. அந்த எண் வந்த விதம் எளிது: 700 மி.மீ. குவியத் தூரத்தை 4 மி.மீ. வில்லையால் வகுத்தால் 175; அதை மூன்று மடங்கு பார்லோ வில்லையால் பெருக்கினால் 525. கணக்கில் பிழையில்லை. ஆனால் 76 மி.மீ. ஆடிக்கு வரம்பு 152 மட்டுமே. அந்த 4 மி.மீ. வில்லையையும் பார்லோ வில்லையையும் பெட்டியிலேயே வைத்துவிட்டு, மிகக் குறைந்த உருப்பெருக்கம் தரும் வில்லையைக் கொண்டு தொடங்குபவர் நல்ல காட்சிகளைப் பெறுவார். உருப்பெருக்கம் குறைவாயின் பார்வைப் புலம் அகன்றும், பிம்பம் ஒளிமிக்கதாயும், தாங்கியின் அதிர்வு குறைவாயும் இருக்கும்.

கருவியுடன் வரும் கண்ணருகு வில்லைகள் பெரும்பாலும் எளிய வகையினவே. பழைய சிறு கருவிகளில் 24.5 மி.மீ. விட்டமுள்ள வில்லைகள் பயன்பட்டன. இன்று 31.7 மி.மீ. என்பதே பொது அளவு. தேர்வு செய்ய வாய்ப்பிருப்பின் பின்னதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஏனெனில் நல்ல வில்லைகள் அந்த அளவில்தான் கிடைக்கின்றன. பிளோசல் வகையில் 25 அல்லது 32 மி.மீ. வில்லை ஒன்றும், 10 மி.மீ. அளவில் ஒன்றும் இருந்தால் முதல் ஆண்டுக்குப் போதும். கருவியின் வேறெந்தத் துணைப்பொருளையும்விடச் செலவிட்ட பணத்திற்குப் பயன் தருபவை இவையே.

ஒளியச்சுச் சீரமைப்பு

இரு ஆடிகளும் கண்ணருகு வில்லையும் ஒரே ஒளியச்சில் அமையுமாறு ஆடிகளின் சாய்வைத் திருத்துவது ஒளியச்சுச் சீரமைப்பு எனப்படும். எதிரொளிப்புத் தொலைநோக்கியின் பயனர் கட்டாயம் கற்க வேண்டிய திறன் இது. தொழிற்சாலையில் சரியாக அமைக்கப்பட்ட கருவியும் வண்டியில் வரும் வழியில் குலைந்துவிடும். கிதார் இசைப்பவர் வாசிக்கும்முன் நரம்புகளைச் சுருதி சேர்ப்பதைப் போன்றது என்று கொண்டால் இதன்மீதான அச்சம் நீங்கும்.

இதற்குத் தேவையான கருவி, குவியச் சீராக்கியில் பொருந்தும், நடுவில் 2 மி.மீ. அளவு துளையிட்ட மூடி மட்டுமே. 35 மி.மீ. படச்சுருள் வந்த நெகிழி டப்பாவின் அடியில் துளையிட்டு ஆர்வலர்கள் பல்லாண்டுகள் இதற்குப் பயன்படுத்தினர், அது 31.7 மி.மீ. குழலில் ஏறக்குறையப் பொருந்தும். லேசர் கருவிகளும் விற்கப்படுகின்றன. ஆயினும் மலிவான லேசர் கருவியே தன் அச்சில் கோணலாக இருந்தால் சரியான தொலைநோக்கியையும் அது கெடுத்துவிடும்.

குழாயைக் கிடைமட்டமாக வைத்துக்கொண்டு பணியைத் தொடங்க வேண்டும். செங்குத்தாக நிறுத்திவிட்டுத் துணை ஆடியின் திருகைத் திருப்பினால், கை நழுவும் திருப்புளி நேராக முதன்மை ஆடியின் மீது விழும்.

முதலில் துளை வழியே நோக்கும்போது துணை ஆடி வட்டமாகவும், குவியச் சீராக்கியின் நடுவிலும் தெரிகிறதா என்று காண வேண்டும். பெரும்பாலும் இது சரியாகவே இருக்கும். இல்லையெனில் துணை ஆடியைத் தாங்கும் நடுத் திருகைக் கொண்டு அதை முன்பின்னாக நகர்த்தலாம். அடுத்து, துணை ஆடியினுள் முதன்மை ஆடி முழுவதும், அதைப் பிடித்திருக்கும் மூன்று கவ்விகளும் சமமாகத் தெரியும்வரை துணை ஆடியின் பின்புறமுள்ள மூன்று சிறு திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். ஒன்றை இறுக்கும்போது மற்றொன்றைத் தளர்த்துவது அவசியம்.

இறுதியாக முதன்மை ஆடி. அதன் பின்புறம் மூன்று இணைத் திருகுகள் இருக்கும். ஒவ்வோர் இணையிலும் ஒன்று சாய்வைத் திருத்துவது, மற்றொன்று பூட்டுவது. பூட்டுத் திருகுகளைத் தளர்த்திவிட்டு, துணை ஆடியின் பிம்பமும் அதன் நடுவே தெரியும் துளையின் பிம்பமும் முதன்மை ஆடியின் மையத்திற்கு வரும்வரை திருத்த வேண்டும். பல ஆடிகளின் மையத்தில் சிறு வளையக் குறி ஒட்டப்பட்டிருக்கும். நடுப்பகுதி துணை ஆடியின் நிழலில் இருப்பதால் அக்குறி பிம்பத்தைப் பாதிப்பதில்லை.

சீரமைப்பு சரியா என்பதை விண்மீன் ஒன்றைக் கொண்டு சோதிக்கலாம். மிதமான ஒளியுள்ள விண்மீனை 100 மடங்கு அளவில் பார்வைப் புலத்தின் நடுவில் வைத்து, குவியத்தைச் சற்றே விலக்கினால், விண்மீன் வளையங்களாக விரியும். வளையங்கள் ஒரே மையத்தைக் கொண்டிருந்தால் சீரமைப்பு நிறைவுற்றது. ஒருபுறம் நெருங்கியும் மறுபுறம் விலகியும் இருந்தால் முதன்மை ஆடியை மீண்டும் திருத்த வேண்டும். ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் விண்மீனை நடுவுக்குக் கொண்டுவர மறக்கக்கூடாது. விண்மீன் முக்கோண வடிவில் தெரிந்தால் ஆடியின் கவ்விகள் அளவுக்கு மேல் இறுகியுள்ளன என்று கொள்க. ஆடி அசையாமலும் அழுத்தம் பெறாமலும் இருக்கும் அளவுக்குக் கவ்விகளைத் தளர்த்துவதே இதற்குத் தீர்வு.

குவிய விகிதம் 8 கொண்ட கருவி சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். கூர்மையான பிம்பம் கிடைக்கும் நடுப்பகுதியின் அகலம் குவிய விகிதத்தின் முப்படிக்கு ஏற்ப மாறுவதால், விகிதம் 5 கொண்ட கருவியில் அது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. தொடக்கநிலையினருக்கு நீண்ட குழாய் பரிந்துரைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாங்கி

சிறு தொலைநோக்கிகளின் மிகப் பலவீனமான உறுப்பு அவற்றின் தாங்கியே. குவியத்தைத் திருத்தக் கை வைத்தவுடன் பிம்பம் நடுங்கி, பல நொடிகள் கழித்தே அடங்குமானால் உயர்ந்த உருப்பெருக்கம் பயன்படாது. முக்காலியின் கால்களை முழுவதும் நீட்டாமல் உட்கார்ந்து பார்க்கும் உயரத்தில் வைப்பதும், முக்காலியின் நடுவே நீர் நிரப்பிய கலனொன்றைக் கட்டித் தொங்கவிடுவதும் அதிர்வைக் கணிசமாகக் குறைக்கும்.

தாங்கிகள் இரு வகைப்படும். மேல்கீழாகவும் இடவலமாகவும் திரும்புவது ஒன்று. அதன் எளிய மரப்பெட்டி வடிவத்தை அமெரிக்காவின் சான் பிரான்சிசுகோவில் தெருவோரங்களில் பொதுமக்களுக்கு வானைக் காட்டிவந்த ஜான் டாப்சன் (1915–2014) பரப்பியதால் அது டாப்சன் தாங்கி எனப்படுகிறது. மற்றது, ஓர் அச்சைப் புவியின் சுழல் அச்சுக்கு இணையாக வைத்து, விண்பொருளை ஒரே திருகால் பின்தொடர உதவும் நடுவரைத் தாங்கி.

நடுவரைத் தாங்கியின் முதன்மை அச்சைத் தொடுவானிலிருந்து அவ்விடத்தின் அகலாங்கு அளவுக்கே உயர்த்த வேண்டும். ஐரோப்பாவில் இது 50 பாகையளவு. சென்னையில் 13 பாகை, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் ஏறத்தாழ 10 பாகை. சில மலிவான தாங்கிகளில் அச்சை இவ்வளவு தாழ்த்த இயலாது. தாழ்த்தினாலும் எதிர்ப்பளு முக்காலியின் காலில் இடிக்கும். துருவ விண்மீனும் தொடுவானத்துப் புழுதியில் மறைந்துவிடும். ஆகவே தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் காட்சிக்கு மட்டும் பயன்படுத்துவோருக்கு டாப்சன் தாங்கியே வசதியானது. தலைக்கு நேர் மேலே உள்ள பொருளைப் பின்தொடர்வது மட்டும் அதில் சற்றுச் சிரமம்.

விண்பொருட்கள் புவிச் சுழற்சியால் மணிக்கு 15 பாகை நகர்கின்றன. 90 மடங்கு உருப்பெருக்கத்தில், 52 பாகைத் தோற்றப்புலம் உடைய வில்லையில், ஒரு கோள் இரண்டேகால் நிமிடங்களில் புலத்தைக் கடந்துவிடும். கோளைப் புலத்தின் கிழக்கு விளிம்பில் வைத்துவிட்டுக் கையை எடுத்து, அது நகர்ந்து செல்வதைப் பார்ப்பதே அதிர்வற்ற காட்சிக்கு எளிய வழி.

தேடு தொலைநோக்கியை முதன்மைக் குழாயுடன் ஒத்திசைப்பதைப் பகலில் செய்வது எளிது. ஒரு கிலோ மீட்டருக்கு அப்பாலுள்ள கைபேசிக் கோபுரம் ஒன்றின் உச்சியை 36 மடங்கில் நடுவே கொண்டுவந்து, பின் தேடு தொலைநோக்கியின் குறுக்குக் கம்பிகள் அதே உச்சியில் படும்வரை அதன் திருகுகளைத் திருப்ப வேண்டும். இதைச் செய்யாமல் இரவில் வானைத் துழாவுவது வீண் முயற்சி. ஒத்திசைக்கும்போது சூரியன் இருக்கும் திசையை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

இடமும் காற்றும்

வளிமண்டலத்தின் கொந்தளிப்பு பிம்பத்தை நீரடியில் உள்ள நாணயம் போல அலையச் செய்கிறது. விண்மீன்கள் கடுமையாக மின்னும் இரவு கோள்களுக்கு உகந்ததன்று. மாறாக, வானம் சற்றே மங்கலாக இருந்தாலும் காற்று அசையாத இரவில் வியாழன் மிகத் தெளிவாகத் தெரியக்கூடும். வானத்தின் தெளிவும் காற்றின் அமைதியும் வெவ்வேறானவை.

வீட்டின் மொட்டை மாடி பலருக்குக் கிடைக்கும் ஒரே இடம். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தளம் இரவில் நெடுநேரம் வெப்பத்தை வெளியிடுவதால் முன்னிரவில் பிம்பம் கொதிப்பது போலத் தோன்றும். மாலையில் தளத்தில் நீர் தெளிப்பது, நள்ளிரவுக்குப் பின் நோக்குவது, இயன்றால் மண் தரைக்கோ புல்தரைக்கோ செல்வது ஆகியன பயன் தரும். சாளரத்தின் வழியே அறைக்குள்ளிருந்து நோக்குவதால் பயனில்லை.

ஆடியும் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வர வேண்டும். குளிர்நாடுகளில் வெதுவெதுப்பான வீட்டிலிருந்து வெளியே எடுத்த கருவி குளிர அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். வெப்பநாடுகளில் இச்சிக்கல் பெரும்பாலும் இல்லை. குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்து வந்தால் இதற்கு நேர்மாறாக ஈரக்காற்றுப் பட்டு ஆடி வியர்த்துவிடும். அப்போது ஆடியைத் துடைக்காமல் மூடியுடனேயே வைத்திருந்து தானாக உலர விட வேண்டும்.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்வோருக்குப் பெரியதொரு வாய்ப்பும் உண்டு. தொடுவானிலிருந்து 30 பாகைக்குக் கீழே உள்ள பொருட்களின் ஒளி தடித்த காற்று வழியே வருவதால் பிம்பம் கெடும். கோள்கள் தென்கோடிக்குச் செல்லும் ஆண்டுகளில் இலண்டனில் அவை 14 பாகையளவே உயர்கின்றன. சென்னையிலோ அதே கோள் உச்சத்தில் 50 பாகைக்கு மேல் நிற்கும். விலையுயர்ந்த கருவியுடன் ஐரோப்பியர் ஒருவர் காணும் காட்சியைவிட, 114 மி.மீ. கருவியுடன் தமிழகத்து மாணவர் காணும் சனிக்கோள் சில ஆண்டுகளில் தெளிவாக இருப்பது இயல்பே.

கண்ணைப் பழக்குதல்

இருளுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் தேவை. கைபேசித் திரையை ஒருமுறை பார்த்தால் அது வீணாகிவிடும். வரைபடம் பார்க்க மங்கிய சிவப்பு விளக்கைப் பயன்படுத்த வேண்டும். மங்கலான பொருட்களை நேராக உற்றுநோக்காமல் சற்றுப் பக்கத்தில் பார்வையை நிறுத்தினால் அவை பளிச்சிடும். விழித்திரையின் நடுப்பகுதியைவிட அதன் சுற்றுப்பகுதி குறைந்த ஒளியை நன்கு உணர்வதே காரணம். அப்பகுதிச் செல்கள் நிறத்தை உணர்வதில்லை. எனவே இதழ்களில் செந்நிறமாக அச்சிடப்படும் ஒண்முகில்கள் தொலைநோக்கியில் சாம்பல் நிறப் புகையாகவே தெரியும். இதை முன்கூட்டியே அறிந்திருப்பவர் ஏமாற்றமடைவதில்லை.

பொறுமையும் ஒரு கருவியே. கோளொன்றைப் பத்து நிமிடங்கள் தொடர்ந்து நோக்கினால் காற்று கணநேரம் அடங்கும் தருணங்கள் வாய்க்கும்; விவரங்கள் அப்போதே பிடிபடும். கண்டதைத் தாளில் வரைவது பார்வையைக் கூர்மையாக்கும்.

சூரியனைப் பற்றிய எச்சரிக்கை

தொலைநோக்கி வழியாகவோ தேடு தொலைநோக்கி வழியாகவோ சூரியனை ஒருபோதும் நோக்கக்கூடாது. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நிலையான பார்வையிழப்பு ஏற்படலாம். விழித்திரையில் வலியுணர்வு இல்லாததால் கண் எரிவது அந்த நேரத்தில் தெரியாது. முன்னர் சில கருவிகளுடன் கண்ணருகு வில்லையில் திருகிப் பொருத்தும் சிறு கரிய வடிகட்டி வழங்கப்பட்டது. குவிந்த வெப்பம் படும் இடத்தில் இருப்பதால் அது நோக்கிக்கொண்டிருக்கும்போதே வெடித்துவிடக்கூடும். பழைய கருவியை வாங்குவோர் அதைக் கண்டால் உடைத்து எறிந்துவிட வேண்டும். சூரியனை நோக்க, குழாயின் திறந்த முனை முழுவதையும் மூடும், அதற்கெனவே செய்யப்பட்ட வடிகட்டி மட்டுமே பாதுகாப்பானது. அப்போதும் தேடு தொலைநோக்கியை மூடிவைக்க வேண்டும். சிறுவர்கள் உள்ள வீட்டில் பகலில் தொலைநோக்கியை மூடியின்றி வெளியே விடலாகாது.

காணக்கூடிய விண்பொருட்கள்

நிலவே முதல் இலக்கு. முழுநிலவன்று ஒளி நேராகப் படுவதால் நிழல்கள் மறைந்து மேற்பரப்பு தட்டையாகத் தெரியும். வளர்பிறையின் ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை, ஒளிக்கும் இருளுக்கும் இடைப்பட்ட எல்லைக்கோட்டை ஒட்டி மலைகளும் பள்ளங்களும் நீண்ட நிழல்களுடன் எழுந்து நிற்கும். 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்னிக்கசுப் பள்ளத்தின் படிக்கட்டுச் சுவர்களும் நடுமலைகளும் 90 மடங்கில் நன்கு தெரியும். அரைநிலவுக்கு மறுநாள், 110 கி.மீ. நீளமுள்ள நேர்ச்சுவர் என்னும் பிளவு கரிய கோடாகத் தோன்றும்.

வியாழன் நெருங்கி வரும் காலத்தில் 40 மடங்கிலேயே, வெறுங்கண்ணுக்குத் தெரியும் முழுநிலவின் அளவாக அதன் வட்டு அமைகிறது. ஒப்பிட ஏதுமின்மையால் சிறிதாகத் தோன்றுவது மனத்தின் மயக்கமே. இரு கரும்பட்டைகளும், 1610 ஆம் ஆண்டில் கலிலியோ கண்ட நான்கு நிலவுகளும் தெளிவாகத் தெரியும். நிலவுகளின் இடமாற்றத்தை ஒரே இரவில் உணரலாம். அமைதியான இரவில் நிலவொன்றின் நிழல் வியாழன் மேல் மைப்புள்ளியாக ஊர்வதையும் 114 மி.மீ. கருவி காட்டும்.

சனியின் வளையங்கள் 36 மடங்கிலேயே தெரியும். 90 மடங்கில் கோளுக்கும் வளையத்துக்கும் இடைவெளி புலப்படும். காசினி இடைவெளியை வளையத்தின் இரு முனைகளில் தேட வேண்டும். 2025 மார்ச்சில் வளையத் தளம் புவியை நோக்கி விளிம்பாக அமைந்தது. அதன் பின் வளையங்கள் ஆண்டுதோறும் விரிந்து 2032ஐ ஒட்டி மிக அகன்று தெரியும். செவ்வாய் 26 மாதங்களுக்கு ஒருமுறை சில வாரங்களுக்கு மட்டுமே நோக்கத்தக்கது. வெள்ளியில் பிறை வடிவம் தவிர வேறொன்றும் தெரியாது.

கோள்களுக்கு அப்பால், குறைந்த உருப்பெருக்கமே துணை. கார்த்திகை விண்மீன் கூட்டமும், பூச நட்சத்திரத்தை ஒட்டிய தேன்கூட்டுக் கொத்தும் 36 மடங்கில் புலத்தை நிறைக்கும். ஓரியன் ஒண்முகிலின் நடுவே நான்கு விண்மீன்கள் சரிவகமாக அமைந்திருப்பதை நகரத்திலிருந்தும் காணலாம். கேட்டைக்கு மிக அருகில் எம்4 என்னும் கோளக் கொத்து மங்கலாகத் தெரியும். 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆந்திரமேடா விண்மீன் பேரடைக்கு நகர ஒளியற்ற வானம் வேண்டும். ஏப்பிரல் முதல் சூன் வரையான முன்னிரவுகளில் தெற்கே உயரும் ஒமேகா சென்டாரி, வட ஐரோப்பாவில் எழவே எழாத பெருங்கொத்து. அதன் விளிம்பு 90 மடங்கில் பொடி தூவியது போலத் துகள்துகளாகப் பிரியத் தொடங்கும்.

பராமரிப்பு

ஆடியில் படியும் சிறிதளவு தூசி காட்சியைக் கெடுப்பதில்லை. தூசியைத் துணியால் துடைப்பதே ஆடியைக் கெடுக்கும். அலுமினியப் பூச்சு மிக மெல்லியது, கீறல் நீங்காது. ஆண்டுகள் கழித்துக் கழுவ வேண்டிய நிலை வந்தால், ஆடியை வெளியே எடுத்து ஓடும் நீரில் காட்டி, சோப்புக் கரைசலில் நனைத்த பஞ்சைத் தன் எடையாலேயே ஒருமுறை இழுத்து எறிந்து, காய்ச்சி வடித்த நீரால் அலசிச் சாய்த்து உலர்த்த வேண்டும். மீண்டும் பொருத்தியபின் ஒளியச்சைச் சீரமைக்க வேண்டியிருக்கும்.

ஈரக்காற்று மிக்க இடங்களில் கண்ணருகு வில்லைகளில் பூஞ்சை படியும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளுடன் அவற்றை வைப்பது நன்று. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று அலுமினியப் பூச்சை விரைவில் அரிக்குமாதலால், இரு முனைகளையும் மூடி, குழாயைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். பூச்சு மங்கிய ஆடியின் கண்ணாடி கெடுவதில்லை. பழைய பூச்சை நீக்கி மீண்டும் பூசிக்கொள்ளலாம்.